அடிமரமும் விழுதுகளும்

மாற்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்பவர் சிலர்; அஞ்சுபவர் பலர். உடையிலும் உணவிலும் அரசியலிலும் மாற்றத்தை எளிதில் ஏற்றுக்கொள்பவர்கூடச் சமயம் என்று வந்துவிட்டால், 'இங்கே மட்டும் கை வைக்காதே' என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். அதில் வியப்பில்லை. சுற்றியுள்ள எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது, பற்றிக்கொள்ள ஆடாத தூண் ஒன்று வேண்டும் என்றுதானே மனிதன் கோயிலுக்குப் போகிறான்? அந்தத் தூணும் அசைகிறது என்றால் அவன் எங்கே போவான்?

இந்த அச்சத்தை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன். எங்களுடையது திருநெல்வேலிச் சீமையில் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாய் இருந்துவரும் குடும்பம். நம் சங்கத்து நண்பர்களில் பெரும்பாலோர் வேறு சமயத்தவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் நான் சொல்லப் போவது உங்கள் வீட்டுச் செய்தி போலவே உங்களுக்கும் படும் என்று நம்புகிறேன். தந்தை வணங்கியவாறே மகனும் வணங்க வேண்டுமா, மகள் வேறுவிதமாக வணங்கலாமா என்ற கேள்வி எழாத வீடு எது?

சென்ற ஆண்டு என் அக்கா திருச்சபையில் குருவாக அபிஷேகம் பெற்றார். அதைக் கேள்விப்பட்ட என் வகுப்புத் தோழன், வங்காள நண்பன், நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டான்:

"உங்கள் மதத்தில் பெண்கள் பாதிரியார் ஆகலாமா?"

"முன்பு ஆனதில்லை, இப்போது ஆகிறார்கள்."

"அப்படியானால் உங்கள் மதம் மாறிக்கொண்டிருக்கிறது. நாளை இன்னும் மாறலாம். மாறுகிற ஒன்றை நீ எப்படி நம்புகிறாய்?"

கேலியாக அவன் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். அன்று அவனுக்கு நான் ஏதோ சுருக்கமாகச் சொன்னேன். விரிவான விடை இது.

கொல்கத்தாவுக்கு வந்த தமிழர் காளிகட்டத்தையும் ஹௌரா பாலத்தையும் தவறாமல் பார்ப்பர். தாவரவியல் மாணவர்களாகிய நாங்கள் தவறாமல் போகும் இடம், ஆற்றுக்கு மேற்கே ஷிப்பூரில் உள்ள தாவரவியல் பூங்கா. 1787ஆம் ஆண்டு கர்னல் ராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் தோன்றிய தோட்டம் அது. அங்கே உள்ள பெரிய ஆலமரத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயது இருநூற்றைம்பதுக்கு மேல். நான்கு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அதன் நிழல் மூடுகிறது. மூவாயிரத்துக்கும் அதிகமான விழுதுகள் தூண்களாய் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தோப்பு என்றே தோன்றும்.

அந்த மரத்தில் புதிதாக வருபவர் தேடிக் காணாத பொருள் ஒன்று உண்டு. அது அடிமரம். 1864இலும் 1867இலும் அடித்த பெரும்புயல்கள் மரத்தைக் காயப்படுத்தின. காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்து நடுத்தண்டை அரித்தது. ஏறத்தாழ ஐம்பது அடிச் சுற்றளவு கொண்டிருந்த அந்தத் தாய்த்தண்டை 1925ஆம் ஆண்டு வெட்டி அகற்றிவிட்டார்கள். அடிமரம் போய் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிறது. மரம் இன்னும் பரந்துகொண்டே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் ஆம்பன் புயலும் அதைத் தாக்கிற்று. அப்போதும் அது பிழைத்துக்கொண்டது.

இது எப்படி என்றால், விழுதின் இயல்பு அது. ஆலம் விழுது முதலில் நூல்போல் மெலிந்து காற்றில் தொங்கும். அப்போது அது பயனற்ற பொருள் போலவே தோன்றும். மண்ணைத் தொட்ட பின்புதான் பருக்கத் தொடங்கும், நீரை உறிஞ்சும், நாளடைவில் தடித்து, தன்னைப் பெற்ற கிளையைத் தானே தாங்கும். காவலர்கள் இளம் விழுதுகளை மூங்கில் குழாய்க்குள் விட்டு மண்வரை கொண்டு சேர்ப்பதும் உண்டு. இல்லாவிட்டால் வருவோர் போவோர் கைகளில் அவை அறுந்துவிடும்.

திருச்சபையின் கதையும் இத்தகையதே என்று நான் நினைக்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலைப் படித்துப் பாருங்கள். இயேசுவின் முதல் சீடர்கள் எல்லாரும் யூதர்கள். யூத வழக்கப்படி உண்டனர், விருத்தசேதனம் செய்துகொண்டனர், புறவினத்தார் வீட்டில் நுழையவும் கூசினர். இவ்வழக்கங்கள் வெறும் பழக்கங்கள் அல்ல. கடவுளே மோசே வழியாகக் கொடுத்தவை என்று அவர்கள் உளமார நம்பினார்கள். அப்படிப்பட்டவர்களுள் ஒருவராகிய பேதுரு, யோப்பா பட்டினத்தில் தோல் பதனிடும் சீமோன் என்பவன் வீட்டு மாடியில் ஒரு தரிசனம் கண்டார். உண்ணத்தகாத விலங்குகள் நிறைந்த துப்பட்டி ஒன்று வானிலிருந்து இறங்கியது. 'அடித்துச் சாப்பிடு' என்று குரல் கேட்டது. 'ஒருநாளும் உண்டதில்லை' என்று அவர் மறுத்தார். மும்முறை குரல் கேட்ட பிறகும் அவருக்குப் பொருள் விளங்கவில்லை. ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் ஆட்கள் வாசலில் வந்து நின்றபோதுதான், துப்பட்டியில் இருந்தவை விலங்குகள் அல்ல, மனிதர்கள் என்று அவர் உணர்ந்தார்.

பிறகு எருசலேமில் சங்கம் கூடிற்று. கடுமையான வாக்குவாதம் நடந்தது. முடிவில், புறவினத்தார் யூதராகாமலே கிறிஸ்தவராகலாம் என்று தீர்மானித்தார்கள். எத்தனை நூற்றாண்டு வழக்கம்! எவ்வளவு பெரிய அடிமரம்! அது இல்லாமலே மரம் நிற்கும் என்று அவர்கள் துணிந்தார்கள்.

அன்று அவர்கள் துணியாதிருந்தால் பாலஸ்தீனத்துக்கு வெளியே இந்தச் சமயம் வேரூன்றியிருக்குமா? தாமிரபரணிக் கரையில் எங்கள் பாட்டனார்களின் காதில் விழுந்திருக்குமா? நாங்கள் அந்த மாற்றத்தின் பிள்ளைகள். மாற்றத்தால் பிறந்தவர்கள் மாற்றத்துக்குப் பகைவர்களாக இருப்பது எங்ஙனம் பொருந்தும்? இதுவே நான் சொல்ல வந்ததன் சாரம்.

ஆனால் ஒரு தலைமுறையின் துணிவு மறு தலைமுறைக்கு மரபாகிவிடுகிறது. மரபானவுடன், அது ஒருகாலத்தில் புதுமையாக இருந்தது என்பது மறந்துபோகிறது.

எங்கள் ஆச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வைத்திருந்த வேதப்புத்தகம் பழைய திருப்புதல். புதிய மொழிபெயர்ப்பை யாராவது வாசித்தால், "இது வேதம் மாதிரியே இல்லையே, ஐயா" என்று முகம் வாடுவார்கள். ஆச்சியின் காதுக்கு இயேசுநாதர் பழைய திருப்புதலின் தமிழில்தான் பேசினார். ஆனால் அந்தப் பழைய திருப்புதல் எப்போது வந்தது? ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழு திருத்தி முடித்து 1871இல் வெளிவந்தது. அதற்கு முன் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு. அதற்கு முன் சீகன்பால்கின் மொழிபெயர்ப்பு. தரங்கம்பாடியில் அவருடைய புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. கடவுளைக் குறிக்கும் சொல்லே இவற்றில் மாறி மாறி வந்தது. சீகன்பால்க் 'சர்வேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். ஆச்சியின் புத்தகம் 'தேவன்' என்கிறது. இருபதாம் நூற்றாண்டின் திருத்திய மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. பப்ரிசியுஸின் தமிழை லுத்தரன் சபையார் நெடுங்காலம் விட மறுத்தார்கள். ஆச்சி எந்தப் புத்தகத்தைப் பழமை என்று மார்போடு அணைத்திருந்தார்களோ, அதுவே அவர்களுடைய பாட்டிக்கு, 'இது வேதம் மாதிரியே இல்லையே' என்று பட்டிருக்கக்கூடிய புதுமை!

இங்கே நான் வங்காள ஆராதனைக்குப் போகிறேன். இவர்கள் கடவுளை 'ஈஷ்வர்' என்றே அழைக்கிறார்கள். ஊரில் அந்தச் சொல்லைச் சிவபெருமானுக்கு உரியது என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது சற்றே நெருடியது. பிறகுதான், நம் முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் 'சர்வேசுர'னுக்குள்ளும் அதே ஈசுவரன் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். முந்நூறு ஆண்டுக்கு முன் நாம் விட்டு வந்த சொல், ஊக்ளி நதிக்கரையில் எனக்காகக் காத்திருந்தது போலும்! என் விசுவாசம் அன்று குறையவில்லை. ஒரு சாண் அகன்றது.

சொல் மாறுவதாவது எளிது. மனிதர்களுக்கிடையே உள்ள இடம் மாறுவதுதான் கடினம். அதற்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்நாளில் சென்னைக்குத் தனிப் பேராயர் இல்லை. ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த தென்னாட்டுச் சபைகளும் கல்கத்தாப் பேராயரின் மேற்பார்வையில் இருந்தன. பிற்காலத்தில் இந்நகரின் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய டேனியல் வில்சனே அப்போது பேராயர். 1833ஆம் ஆண்டு அவர் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு நிருபம் விடுத்தார். கோயிலுக்குள் சாதிப்படி தனித்தனியே அமர்வதையும், நற்கருணைப் பாத்திரத்தில் முன்பின் பார்ப்பதையும் அறவே விட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சினந்து ஆராதனைக்கு வருவதையே நிறுத்தினார்கள். நம் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்குத் தந்தை என்று போற்றப்படும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கங்களுக்குச் சார்பாக எழுதியவரே. பக்தியில் அவரை விஞ்சியவர் யார்? அத்தகைய பக்தருக்கும் அந்த மாற்றம் விசுவாசத்தின்மேல் விழுந்த அடியாகத் தோன்றிற்று. இன்று அவருடைய பாடல்களை எல்லாச் சாதியாரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பாடுகிறோம். பாடல் நின்றது, பிரிவினை கழிந்தது. முற்றும் கழிந்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பிரித்தே அடக்கம் செய்கிறார்கள். மாற்றத்தை மறுப்பதால் வரும் கேடு எது என்று கேட்பவருக்கு அந்தக் கல்லறைகளைக் காட்டலாம்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். அக்கா சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிறகு இறையியல் கல்லூரியில் சேர்ந்து பி.டி. பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தை வழங்குவது இங்கிருந்து சில மைல் தொலைவில் உள்ள செராம்பூர். வில்லியம் கேரியும் அவர் தோழர்களும் 1818இல் நிறுவிய கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசர் அளித்தார். சீகன்பால்கின் தரங்கம்பாடியும் கேரியின் செராம்பூரும் அந்நாளில் டேனியர் ஊர்களே. கேரி தாவரவியலும் அறிந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. வங்காள மொழியில் 1801இல் தாம் வெளியிட்ட புதிய ஏற்பாட்டைத் தாமே பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டிருந்தவர் அவர்.

அக்காவின் முடிவைக் கேட்ட அப்பா நெடுநேரம் பேசவில்லை. அப்பா மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் போதகரை 'ஐயர்' என்றும், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பார்கள்.

"ஐயரம்மா என்றால் ஐயர் வீட்டு அம்மா என்றுதான் எனக்குத் தெரியும். நீ யாரம்மா?" என்றார் அப்பா.

"அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் வந்திருக்கிறது, அப்பா. பழையவை கழிவதும் புதியவை புகுவதும் குற்றமில்லை என்று நன்னூலார் சொன்னதை எத்தனை வருஷம் நீங்களே பாடம் நடத்தியிருக்கிறீர்கள்!"

"அது மொழிக்கு, அம்மா. இது சந்நிதி."

அக்கா அதற்கு மேல் வாதாடவில்லை. தென்னிந்தியத் திருச்சபை முதன்முதலாக ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது 1976இல். 2013இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பா லலிதா அம்மையார் பேராயராகவே ஆனார். அக்காவுக்கு இவையெல்லாம் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆண்டுகளைச் சொல்லி அச்சத்தைப் போக்க முடியாது.

அக்கா முதன்முறையாகத் திருவிருந்து நடத்திய ஞாயிறன்று நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். அம்மா முதல் வரிசையில் எழுந்து சென்று, மகளின் கையிலிருந்து அப்பத்தை வாங்கிக்கொண்டு அழுதார்கள். அப்பா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. கோபம் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. இரு கைகளையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, தலை குனிந்து அமர்ந்திருந்தார். எழுபது ஆண்டுகளாகப் பற்றியிருந்த தூணை விட்டு எழுந்திருக்க அவரால் முடியவில்லை. அதற்காக அவரை நான் குறைத்து மதிப்பேனா? பேதுருவுக்கே மூன்று முறை குரல் கேட்க வேண்டியிருந்ததே!

இப்போது என் வங்காள நண்பனின் கேள்விக்கு வரலாம். எல்லாம் மாறுமானால் நம்புவதற்கு எஞ்சுவது எது?

எல்லா மாற்றமும் வளர்ச்சியாகாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆலமரத்தில் விழுது விட்டதும் மாற்றம்; பூஞ்சணம் புகுந்ததும் மாற்றம். இரண்டையும் ஒன்றாகக் கருதுபவன் தாவரவியலில் தேற மாட்டான். கூட்டம் சேர வேண்டும் என்பதற்காகவோ, பிறர் செய்கிறார்கள் என்பதற்காகவோ செய்யும் மாற்றம் புறத்திலிருந்து ஒட்டியது. விழுது அப்படியன்று; அது கிளையின் உள்ளிருந்தே வருகிறது. ஆகவே ஒரு புதுமையைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இது எங்கிருந்து வருகிறது? இது மண்ணைத் தொட்டு யாரையேனும் தாங்குகிறதா?

எருசலேம் சங்கத்தார் விருத்தசேதனத்தை விட்டார்கள். ஏழைகளை மறவாதிருக்க வேண்டும் என்பதைப் பவுலிடம் வற்புறுத்தாமல் விடவில்லை. வில்சன் இருக்கை முறையை மாற்றினார். எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்குபெறுவது என்பதை மாற்றவில்லை. அதைக் காப்பதற்காகவே இருக்கையை மாற்றினார். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லை மாற்றினார்கள். அது கேட்பவன் நெஞ்சில் சேர வேண்டும் என்பதற்காகவே மாற்றினார்கள். உற்று நோக்கினால் இம்மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் செல்வது தெரியும். வெளியே நின்றவன் உள்ளே வருகிறான். பின்னால் நின்றவன் பக்கத்தில் அமர்கிறான். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள் பேசுகிறாள். தொழுநோயாளியைத் தொட்டவரும், சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் உரையாடியவரும், உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் மகதலேனா மரியாளிடம் சொல்லி அனுப்பியவருமான ஒருவரிடமிருந்தே அந்தத் திசை வருகிறது. நான் நம்புவது அவரை. அவர் மாறவில்லை, அவரை நோக்கி நாங்கள்தாம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருக்கிறோம். நண்பனே, இதுதான் என் விடை.

ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதை உணர்வது ஓரளவு எளிது. அடிமரத்தை விட்டு வந்து வேற்று மண்ணில் ஊன்ற வேண்டிய விழுதுகள்தாமே நாம்! ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தொங்குகிற விழுதுக்கு மூங்கில் குழாய் வேண்டும், காலம் வேண்டும். மாற்றத்தை வரவேற்பவர்கள், வரவேற்கத் தயங்குபவர்களை ஏளனம் செய்வதில் பொழுதைக் கழித்தால், விழுது மண்ணை அடையுமுன்பே அறுந்துபோகும். அக்கா அப்பாவை ஏளனம் செய்யவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் மறுநாள் பிரசங்கத்தைத் தொலைபேசியில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறார்.

முதல் சில வாரங்கள் அப்பா, "சரி, வைக்கட்டுமா?" என்பதோடு முடித்துக்கொண்டாராம். இப்போது அப்படியில்லை. "அந்த இடத்தில் ஒற்று மிகாது, அம்மா" என்கிறார். "இவ்வளவு நீள வாக்கியம் வேண்டாம், வயசானவர்களுக்குக் காதில் நிற்காது" என்கிறார். போன மாதம் ஒருநாள், லூக்கா சுவிசேஷத்திலிருந்து பொருத்தமான ஓர் இடத்தைத் தாமே எடுத்துச் சொல்லி, "இதையும் சேர்த்துக்கொள்" என்றாராம். தம் திருத்தங்களோடு மகள் பேசப் போகும் பிரசங்க மேடையை அவர் இன்னும் ஏற்றுக்கொண்டதாக வாய்விட்டுச் சொல்லவில்லை.

வருகிற விடுமுறையில் அக்காவின் சபைக்குப் போகிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். திருவிருந்துக்கு எழுந்து சென்று கையேந்துவாரா என்பதை நான் அறியேன், கேட்கவும் போவதில்லை. அவர் அருகில் அதே கடைசிப் பெஞ்சில் அமர்ந்துகொள்வேன். அவர் எழுந்தால் கூடவே எழுவேன். எழாவிட்டால் நான் மட்டும் போய் வாங்கிக்கொண்டு, திரும்ப வந்து அவர் பக்கத்திலேயே உட்காருவேன்.